மலாக்காவில் ஒரு ராத்திரி தங்குவதற்கு

1

போன மாதம் என்னுடைய பாஸை மறுபடியும் புதுப்பித்தார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் பஸ் பாஸ் என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த வெளிநாட்டுப் பெண் இங்கே தங்கியிருப்பதற்குத் தருகிற அனுமதிக்கு இந்தப் பெயர். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரும் கூட வர வேண்டும். “மனைவி உங்களோடுதான் இருக்கிறாரா?” என்று கவுன்டரில் கேட்பார்கள். “ஆமாம்” என்பார். எட்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில். ஒரு தடவைகூட அவர் யோசித்துச் சொன்னதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

முத்திரை குத்திய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அடுத்த புதுப்பித்தல் வரை அதற்கு அங்கே நிம்மதியான தூக்கம்.

நான் சங்கரன்கோவில்காரி. வாக்கப்பட்டு வந்த இடம் ஜாசின். மலாக்கா மாநிலத்தில் ஒரு சின்ன டவுன். சுற்றிலும் முன்பு ரப்பர் தோட்டங்கள், இப்போது பாமாயில் எடுக்கிற செம்பனை. வீட்டுக்காரர் பெயர் சேகர். அவருடைய அப்பா அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள்; ரப்பர் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் பத்து பெரண்டாம் என்கிற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறார். மகள் கவிஷாவுக்கு ஏழு வயது, மகன் தர்ஷனுக்கு நாலு.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம் ஆட்கள் தவறாமல் எழுதுகிற புலம்பல் ஒன்று உண்டு. பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்களாம். அந்தப் புலம்பலுக்கு எனக்கு வாய்ப்பே இல்லை. என் பிள்ளைகள் காலையில் கண் விழித்ததிலிருந்து தமிழ்தான் பேசுகிறார்கள். நடுவில் மலாய் வரும், இங்கிலீஷ் வரும், இந்த ஊர்ப் பேச்சுக்கு வால் மாதிரி ஒரு ‘லா’ வரும், ஆனாலும் தமிழ். மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அறிவியல் பாடத்தில் அவள் சொல்கிற ‘ஒளிச்சேர்க்கை’ போன்ற வார்த்தைகள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்குத் தெரியாது. கூகிளில் பார்த்துக்கொண்டு தெரிந்ததுபோலத் தலையாட்டுவேன்.

தமிழ் அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காதது என்னுடைய தமிழ்.

2

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வந்தாள். அது இந்த வருடத்தில் எத்தனையாவது பாட்டிலோ. “ஏட்டி, பாட்டில எங்கன போட்டுட்டு வார?” என்று சத்தமாகக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் அது சாதாரணமாகக் கேட்பது. கோபம்கூட இல்லை. கூட வந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, “உங்கம்மா படத்துல வர்ற வில்லனோட அம்மா மாதிரியே பேசுறாங்கலா” என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் பாதி தூரம் சிரித்துக்கொண்டே வந்தேன். கவிஷா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு என்று தகவல் வந்தது. சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ம்மா, இந்தத் தடவ அப்பா வரட்டும்.”

“அப்பாவுக்கு வேலடா. நான்தான வருவேன் எப்பவும்?”

“நீங்க வேணாம்மா. மாலுவா இருக்கு.”

மாலு என்றால் மலாயில் வெட்கம். தமிழில் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன், தெரியவில்லை. எழுந்து போய் ரசத்தைச் சூடு பண்ணினேன். ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சின்னப் பிள்ள, ரெண்டு நாள்ல மறந்துரும்” என்றார். அவள் மறந்துவிடுவாள், சரி. நான் என்ன செய்ய? பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள். எனக்கு இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் மலாக்கா யோசனை வந்தது. நகரத்துக்குப் போய் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்குவது, நீச்சல் குளம் உள்ள ஓட்டலில். நானும் பிள்ளைகளும் மட்டும். அவளோடு இரண்டு நாள் முழுதாக இருந்தால் அவளை மறுபடியும் என் பக்கம் இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

3

வீட்டுக்காரருக்கு அந்தச் சனிக்கிழமை காலை ஷிப்ட். ஞாயிறு சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டு மங்கை அக்கா வேலி ஓரமாக வந்து நின்றுவிட்டார்.

“ரெண்டு பிள்ளைங்கள வெச்சிகிட்டு பஸ்லயா? காடி இல்லாம எப்படிலா?”

இங்கே காரைக் காடி என்பார்கள். காடி இல்லாமல் யாரும் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. நான் பஸ்ஸிலேயே வளர்ந்தவள். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் எங்கள் சித்தி, எனக்கு அரை டிக்கெட்தான் என்று கண்டக்டரிடம் சண்டை பிடிப்பாள். பஸ் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரியும். பின் சீட்டுத் தாத்தா என் உயரத்தைக் கையால் அளந்து பார்ப்பார். நான் முழங்காலை மடக்கிக் குட்டையாக நிற்பேன். முழு டிக்கெட் எடுத்த பிறகும் பேச்சு ஓயாமல், திருநெல்வேலி வரும்போது சித்தியும் கண்டக்டரும் தூரத்துச் சொந்தம் ஆகியிருப்பார்கள்.

ஜாசின் பஸ்ஸில் எங்களோடு மொத்தமே ஐந்தாறு பேர். ஏசியின் உறுமலைத் தவிர ஒரு சத்தம் இல்லை. தர்ஷன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செம்பனை மரங்களை எண்ண ஆரம்பித்து, எண் தீர்ந்துபோனதால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். கவிஷா எங்களுக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். மடியில் ஊதாத நீச்சல் வளையம்.

“எய்யா ராசா, அங்ஙன பாரு, மாடு!” என்றேன் தர்ஷனிடம்.

முன் சீட்டுத் தலை திரும்பியது. “ம்மா, மெதுவா.”

மெதுவாகத்தான் பேசினேன் என்று நினைத்திருந்தேன்.

4

மலாக்கா நகரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிவப்புக் கட்டடங்கள், அவற்றின் முன் மணிக்கூண்டு, பக்கத்தில் ஆறு. இணையத்தில் படம் கிடைக்கும். படத்தில் கிடைக்காதது சத்தம். இங்கே மூன்று சக்கர ரிக்‌ஷாவை பேச்சா என்பார்கள். ஒவ்வொன்றிலும் கார்ட்டூன் பொம்மைகள், பிளாஸ்டிக் பூக்கள், கல்யாண வீட்டு ஸ்பீக்கர். எங்களைப் பார்த்ததும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் தன் பேச்சாவில் ஒரு தமிழ்க் குத்துப்பாட்டைப் போட்டுவிட்டார். தர்ஷன் ரோட்டிலேயே ஆட ஆரம்பித்தான். ஏறாமல் எப்படிப் போக? ஏறினோம். அவ்வளவு சத்தத்தில் நான் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அந்தக் கால் மணி நேரம் கவிஷா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

இறங்கியதும் தோளை விட்டுத் தலை விலகிவிட்டது.

மத்தியானம் ஒரு சீனர் கடையில் கோழிச்சோறு. இந்த ஊரில் சோற்றை உருண்டையாகப் பிடித்துத் தட்டில் அடுக்கித் தருகிறார்கள், அதுதான் சிறப்பாம். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று படம் பிடிக்கிறார்கள். எங்கள் பக்கம் உருண்டைச் சோறு பிடிக்கிற சந்தர்ப்பம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எட்டு வருடமாகியும் முதல் உருண்டையை எடுக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் ஆளுக்கு நாலு விழுங்கினார்கள்.

தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றித் தருகிற செண்டோல் கடையில், பனிக்கட்டி குறைவாகப் போடச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயைக் கூட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். கவிஷா முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க சும்மா இருங்க. நான் கேக்குறேன்.”

மழை பெய்கிற மாதிரி மலாய் பேசினாள். கடைக்காரர் அவளைப் பாராட்டிக் கொஞ்சம் கூடுதலாகவே வெல்லப்பாகு ஊற்றினார். என் மகள் இவ்வளவு கெட்டிக்காரியா என்று பூரித்துப்போனேன். அப்புறம் பலூன் கடையிலும் அவளே பேசினாள். கழிப்பறை எங்கே என்பதையும் அவளே விசாரித்தாள். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. நான் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே அவள் ஒவ்வொரு இடத்திலும் முந்திக்கொள்கிறாள்.

5

மூன்று மணிக்கு ஓட்டலுக்குப் போனோம். நல்ல ஓட்டல்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீச்சல் குளம் நீலமாகத் தெரிந்தது. பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

கவுன்டரில் தலையில் துடோங் என்கிற முக்காடு அணிந்த மலாய்ப் பெண். சின்ன வயது, சிரித்த முகம். நான் பைலைத் திறந்தேன். ஒரு பெண் தனியாக இரண்டு பிள்ளைகளோடு வந்தால் ஏதாவது கேட்பார்களோ என்று எல்லாவற்றையும் தயாராக எடுத்து வந்திருந்தேன். இரண்டு பேருடைய பிறப்புப் பத்திரம், இங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை, கல்யாணப் பதிவுச் சான்றின் நகல். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“புவான் பாஸ்போர்ட்?”

புவான் என்றால் அம்மணி. அம்மணியின் பாஸ்போர்ட் ஜாசினில் சேலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த நினைப்பே வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது? பக்கத்து டவுனுக்குப் போகிறோம். மார்க்கெட்டுக்குப் போகும்போது யாராவது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போவார்களா? பிள்ளைகளுடைய காகிதம் அத்தனையும் எடுத்துவைத்தவள், நான் வெளிநாட்டுக்காரி என்பதை மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

போனில் பாஸ்போர்ட்டின் படம் இருந்தது. காட்டினேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். வெளிநாட்டு விருந்தினர் என்றால் அசலைப் பார்த்துத்தான் பதிய வேண்டுமாம், அவர்களுக்குத் தனியாகச் சுற்றுலா வரியும் உண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அவர்கள் உள்ளூர் என்றாள். நல்லது, நாலு வயதுக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் கிளம்புகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்த அளவுக்கு எனக்கு மலாய் வராது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஷிப்ட் முடியும் வரை அவருடைய போன் லாக்கரில் இருக்கும். பின்னால் வரிசை நீண்டது. சூட்கேஸ் சக்கரங்கள் தரையில் அசைந்தன. கவிஷா வந்து என் பக்கத்தில் நின்று, கவுன்டர் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னம்மா?”

“அம்மாவோட பாஸ்போர்ட் வேணுமாம்டா.”

“ஏன்? நமக்கு வேணாம்லா. டூரிஸ்டுக்குத்தான வேணும்?”

“நான் டூரிஸ்ட் மாதிரிதான்.”

அவள் முகம் மாறியது. என்னிடம் கேட்டதையே கவுன்டர் பெண்ணிடம் மலாயில் கேட்டாள். அந்தப் பெண் குனிந்து மெல்ல ஏதோ விளக்கினாள். இந்த முறை என் மகளின் மலாய் செல்லுபடியாகவில்லை.

6

வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். “ஜாசின் போய் எடுத்துகிட்டு வரேன், அங்கயே உக்காந்திருங்க” என்றார். எரிச்சலே படவில்லை. அவர் கொஞ்சம் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காத்திருந்தோம். தர்ஷன் சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடினான். கவிஷா வளையத்தை ஊதி, காற்றைத் திறந்து விட்டு, மறுபடி ஊதினாள். கோபமாக இருக்கிறாள், நான் இன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவளை இன்னும் ஒருமுறை வெட்கப்பட வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இந்தப் பயணமே வீண்.

“ம்மா.”

“என்னடா?”

“அப்பா வரலன்னா உங்கள வெளிய போகச் சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“சொன்னா?”

“சொன்னா போயிருவோம். வீட்டுக்குப் போயி தூங்குவோம்.”

“எங்கள மட்டும் இருக்கச் சொன்னா?”

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது. இந்த ஒன்றரை மணி நேரமாக என் மகள் மனதுக்குள் அம்மாவை யாரோ கையைப் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளை இழுத்து மடியில் உட்கார வைத்தேன். ஏழு வயதுக்கு மடி பத்தவில்லை. இருந்தாலும் உட்கார்ந்தாள்.

வாசலில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம் ஒன்று இறங்கி உள்ளே வந்தது. அரை நொடியில் அந்த வரவேற்பறை கோயம்புத்தூர் ரயில்வே ஸ்டேஷனாக மாறிவிட்டது. பெட்டி எங்கே, மாத்திரை டப்பா எங்கே, காபி கிடைக்குமா. யாராவது என்னிடம் பேச மாட்டார்களா என்று ஏங்கினேன். இந்த வருடங்களில் ஊர்க்காரர்களை இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

தர்ஷன் அவர்கள் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினான்.

“எய்யா, ஓடாதல! தரை வழுக்கும்!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் கவிஷா மடியில் இருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது.

பட்டுக்கரை போட்ட காட்டன் சேலையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நேராக எங்களிடம் வந்தார்.

“அட, தமிழுங்களா? எந்த ஊருங்க நீங்க?”

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன். இங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. இந்தியாவா என்று கேட்பார்கள், அதோடு முடிந்தது. சங்கரன்கோவில் என்ற பெயர் தெரிந்த ஒருவர் முன்னால் நின்று கேட்கிறார். வாயைத் திறந்தேன்.

“ஜாசின்!”

சொன்னது கவிஷா. மடியிலிருந்து குதித்து இறங்கி எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஒரு கை பின்னால் வந்து என் கையைப் பிடித்திருந்தது. “எங்கம்மா ஜாசின். நாங்க எல்லாருமே ஜாசின்தான்.”

தர்ஷன் ஓடி வந்து, “இல்ல, அம்மா இந்தி…” என்று ஆரம்பித்தான். அக்கா அவன் வாயைப் பொத்தினாள்.

பிள்ளைக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஊர் கேட்கிறார்கள் என்றால் அடுத்து பாஸ்போர்ட் கேட்பார்கள். கையை விட்டால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். அவள் விரல்கள் வியர்த்துப் பிசுபிசுவென்று இருந்தன.

“ஜாசினா? அது எங்கிருக்குதுங்க?”

“இங்கதாங்க,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “பக்கத்துலதான். பஸ்ல வந்தோம்.”

“அட, இந்த நாட்டுக்காரங்களேவா! எவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க!” அந்த அம்மாள் தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்தார். “ஏனுங்க, இங்க வந்து கேளுங்க. இந்தப் பொண்ணு மலேசியாவுலயே பொறந்து வளந்த பொண்ணாமா. தமிழ் பேசறதக் கேட்டா அப்படியே நம்ம திருநெல்வேலிக்காரங்க பேசற மாதிரியே இருக்குது!”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். “அப்படீங்களா? அங்கெல்லாம் போயிருக்கீங்களாம்மா?”

“இல்லீங்க,” என்றேன்.

கவிஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து நான் பார்க்காத முகம் அது. “எங்கம்மா வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாங்க,” என்றாள் அந்த அம்மாளிடம். “எப்பவுமே இப்படித்தான்.” பிறகு என் கையை ஆட்டினாள்.

“ம்மா, இன்னும் பேசுங்க.”

வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்று, பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டினார். அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, நான் ஜாசினைப் பற்றி அந்த அம்மாளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.